எண்ணிக்கையை மட்டும் போடாதீர்கள். யார் எண்ணியது என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 13 நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட ஜாலியன்வாலா பாக் சிறப்புப் பக்கத்தில் இறந்தவர் கணக்கு மூன்று விதமாக வந்திருந்தது. தலைப்புக்குக் கீழே 379, கட்டுரைக்குள் ‘ஆயிரத்துக்கும் மேல்’, படக்குறிப்பில் 2,000. இவை அச்சுப் பிழைகள் அல்ல, மூன்றுக்கும் மூலம் உண்டு. ஆனால் எது யார் சொன்னது என்று ஒரு வரி கூட இல்லை. அப்படியிருந்தால் வாசகர் தம் மனதுக்கு ஒத்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை நூறு ஆண்டுகளாக அதுதான் நடக்கிறது. யாரும் பெரிதாகப் பொய் சொல்வதில்லை. எந்த நாளிலிருந்து கதையைத் தொடங்குவது, யார் வாயிலிருந்து கேட்பது, எந்த எண்ணை நம்புவது என்பதை ஏற்கெனவே மனதில் இருக்கும் நம்பிக்கையே முடிவு செய்துவிடுகிறது. நம் பக்கத்துக்கும் இதில் விலக்கு இல்லை.

முதலில் 379. இது, சம்பவத்தை விசாரிக்க அரசு அமைத்த ஹண்டர் கமிட்டியின் அறிக்கையில் உள்ள அரசுக் கணக்கு: ஆண்கள் 337, சிறுவர்கள் 41, பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தை ஒன்று. இத்தனை நுணுக்கமாக இருப்பதாலேயே நம்பத் தோன்றும். எண்ணிய விதத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கை தளரும். துப்பாக்கிச் சூடு 1919 ஏப்ரல் 13 மாலை ஐந்தேகால் மணி வாக்கில் நடந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் நடமாடினால் சுடப்படுவார்கள் என்று ஊரடங்கு இருந்தது. இடையில் இருந்த இரண்டரை மணி நேரத்துக்குள் தங்கள் ஆட்களைத் தேடி எடுத்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்ற உடல்களும் அடிபட்டவர்களும் இரவெல்லாம் அங்கேயே கிடந்தார்கள். அரசு அன்றும் எண்ணவில்லை, மறுநாளும் எண்ணவில்லை. கணக்கெடுப்பு தொடங்கியது நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டில். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார்கள். கசையடியும் கைதும் பார்த்து முடித்திருந்த ஊரில், ‘தடை போட்ட கூட்டத்துக்கு என் தம்பி போயிருந்தான்’ என்று அதிகாரி முன்னால் போய் யார் வாய் திறப்பார்கள்? வைசாகித் திருவிழாவுக்காக வெளியூரிலிருந்து வந்து செத்தவருக்கு அமிர்தசரஸில் பெயர் சொல்லவே ஆள் இல்லை. சேவா சமிதித் தொண்டர்கள் விசாரித்துத் தொகுத்து வைத்திருந்த பட்டியல் இருந்ததால்தான் அரசுக் கணக்கு இந்த அளவுக்காவது வந்தது. ஆகவே 379 என்பது பெயரோடு உறுதியான குறைந்தபட்சம். ‘இறந்தவர்கள் 379 பேர்’ என்று எழுதுவது தவறு. ‘379 பேருக்குக் குறையாமல்’ என்பதே அந்தக் கணக்கு தாங்கும் வாக்கியம்.

அடுத்து 2,000. இதன் மூலம் பாக்கிலேயே இருக்கும் நினைவுக் கல்வெட்டு. சுமார் இரண்டாயிரம் இந்து, சீக்கிய, முஸ்லிம் தேசபக்தர்களின் ரத்தத்தில் நனைந்த இடம் இது என்கிறது அது. அவர்கள் தியாகிகளானார்கள் என்றும் சொல்கிறது. இறந்தவர்களோடு காயம்பட்டவர்களையும் கூட்டினால் ஏறக்குறைய இந்த அளவுக்கு வரலாம். காயம்பட்டவர்கள் இறந்தவர்களைப் போல மூன்று மடங்கு இருக்கலாம் என்பது அக்காலத்து மதிப்பீடு. 379-ஐ வைத்தே போட்டாலும் மொத்தம் 1,500-ஐத் தாண்டும். ஆனால் 2,000 பேரும் இறந்தவர்கள் என்றால் கணக்கு உதைக்கிறது. சுடப்பட்ட குண்டுகள் 1,650. ஒன்று கூடக் குறி தப்பாமல், ஒவ்வொரு குண்டும் ஒருவருக்கு மேல் கொன்றிருக்க வேண்டும். காயத்தோடு பிழைத்தவர் என்று எவருமே இருக்க முடியாது. நெரிசலிலும் கிணற்றில் விழுந்தும் இறந்தவர்களைச் சேர்த்தாலும் இடைவெளி அடையாது. (1,650 என்ற எண்ணைக் கொடுத்தவர், சுட உத்தரவிட்ட ராணுவ அதிகாரி டயர். அவர் சொன்ன எதையும் நம்பாதவர்கள் கூட இதை மட்டும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.)

ஆயிரம் என்பது காங்கிரஸ் பக்கத்துக் கணக்கு. பாக்கை நோக்கிய வீட்டிலிருந்து பார்த்த லாலா கிர்தாரி லால் ஆயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார். காங்கிரஸ் நியமித்த விசாரணைக் குழு 1920 மார்ச்சில் தந்த அறிக்கை, ஆயிரம் என்பது எந்த வகையிலும் மிகையல்ல என்று ஏற்றுக்கொண்டது. அது மதிப்பீடு, பெயர்ப் பட்டியல் அல்ல. 2019-ல், நூற்றாண்டையொட்டி வந்த ஆவண ஆய்வு ஒன்று 500 முதல் 600 வரை என்கிறது. சுதந்திர இந்தியாவின் பட்டியல்களாவது ஒத்துப்போகின்றனவா என்றால், அமிர்தசரஸ் துணை ஆணையர் அலுவலகத்தில் உள்ள பட்டியலில் 484 பெயர்கள், பாக்கில் வைத்திருக்கும் பட்டியலில் 388 பெயர்கள். ஒரே ஊர், ஒரே அரசு, இரண்டு பட்டியல்!

இந்த எண்களில் ஒன்றை எடுப்பவர் எதற்காக எடுக்கிறார் என்று பார்த்தால் அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். டயருக்குப் பரிந்தவர்கள் 379-ஐ முழுக் கணக்காக எழுதினார்கள். நம் மேடைகளில் 2,000-க்குக் குறைத்துச் சொன்னால் தியாகத்தைக் குறைத்ததாகிவிடும் என்ற பயம். பத்து நிமிடம் போல, எச்சரிக்கை இல்லாமல், ஓடுகிறவர்கள் மீது சுட்ட செயலின் தன்மை 379-ஆல் குறையவும் இல்லை, 2,000-ஆல் கூடவும் இல்லை. இது தெரிந்தும் எண்ணுக்காகச் சண்டை போடுகிறோம்.

எண்ணிக்கையை விடப் பெரிய விளையாட்டு தொடக்க நாளில் நடக்கிறது. டயரை ஆதரித்த எழுத்துகளை எடுத்துப் பாருங்கள்: கதை ஏப்ரல் 10-ல் தொடங்கும். அன்று அமிர்தசரஸில் ஐந்து ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் மூவர் வங்கி அதிகாரிகள். நேஷனல் வங்கி எரிந்தது. பெண்கள் பள்ளி நடத்திய மார்செல்லா ஷெர்வுட் என்ற மிஷன் ஆசிரியை தெருவில் அடித்துப் போடப்பட்டார். இதைப் படித்துவிட்டு 13-ஆம் தேதிக்கு வருகிறவருக்கு டயர் செய்தது எதிர்வினையாகத் தெரியும். நம் பாடப் புத்தகக் கதையோ, விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்த ரவுலட் சட்டத்திலிருந்து நேராக 13-க்குத் தாவும். ஐந்து பேர் கொலையைப் பற்றிப் பேச்சே இருக்காது. தங்கள் பக்கத்திலும் இல்லை.

10-ஆம் தேதியை மணி வாரியாகப் பிரித்தால் இரண்டு கதையும் நிற்காது. அன்று காலை அமிர்தசரஸ் மக்களின் தலைவர்களான டாக்டர் கிச்சலூவும் டாக்டர் சத்யபாலும் துணை ஆணையர் வீட்டுக்கு வரவழைக்கப்பட்டு, அங்கிருந்தே தர்மசாலாவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். செய்தி பரவியதும் கூட்டம் துணை ஆணையரிடம் முறையிடக் கிளம்பியது. வங்கிகளைக் கடந்துதான் போனது. அப்போது எதையும் தொடவில்லை. ரயில்வே பாலத்தில் தடுத்துச் சுட்டார்கள். பிணங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிய கூட்டம்தான் வங்கிகளில் புகுந்தது. பாலத்தில் சுட்டதை விட்டுவிட்டால் ஐரோப்பியர் கொலை காரணமே இல்லாத வெறியாகிறது. ஐரோப்பியர் கொலையை விட்டுவிட்டால் டயரும் அவருடைய அதிகாரிகளும் எந்த மனநிலையில் இருந்தார்கள் என்பதே புரியாமல் போகிறது. புரிந்துகொள்வது மன்னிப்பதாகாது. இந்த வேறுபாட்டைப் பத்திரிகைகளே விட்டுவிட்டால் வகுப்பறையில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஷெர்வுட் விஷயத்திலும் இதே கத்தரிப்புதான். அவரைத் தாக்கியவர்கள் இந்தியர்கள். தூக்கிப் போய் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் அந்தத் தெருவாசிகளான இந்தியர்கள். ஏப்ரல் 19-ல் டயர் போட்ட தவழும் உத்தரவு அதே கூச்சா குரிச்சான் தெருவுக்கு. சுமார் 150 கஜ நீளமுள்ள அந்தச் சந்தில் இந்தியர் யார் போனாலும் தரையோடு ஊர்ந்து போக வேண்டும். வீடு அங்கே இருப்பவர்களும் அப்படித்தான். அதாவது காப்பாற்றிய தெருவுக்குத் தண்டனை. ஒரு தரப்புக் கட்டுரையில் தாக்குதல் மட்டும் இருக்கும், மறு தரப்புக் கட்டுரையில் தவழ்ந்தது மட்டும் இருக்கும். காப்பாற்றியவர்கள் இரண்டிலும் காணாமல் போவார்கள்.

ஒரே சான்றை எதிரெதிராகப் படிப்பதற்கு ஏப்ரல் 9-ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது. அன்று ராமநவமி. அமிர்தசரஸ் ஊர்வலத்தில் முஸ்லிம்கள் திரளாகக் கலந்துகொண்டார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடித்தார்கள். துணை ஆணையர் மைல்ஸ் இர்விங் வங்கித் தாழ்வாரத்தில் நின்று பார்த்தார். அவரைக் கடக்கும்போது பேண்டு வாத்தியக்காரர்கள் பிரிட்டிஷ் அரச வாழ்த்துப் பாடலை வாசித்தார்கள். நம் நினைவில் இது ஒற்றுமைத் திருநாள். பஞ்சாப் அரசின் அதிகாரிகளுக்கோ இதுவே சதியின் அடையாளம்: இந்துவும் முஸ்லிமும் சேர மாட்டார்கள் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை, சேர்ந்துவிட்டார்கள் என்றால் பின்னாலிருந்து யாரோ சேர்த்திருக்க வேண்டும். அரச வாழ்த்து வாசித்தது அந்த நம்பிக்கையில் ஒரு கீறலும் போடவில்லை. மே மாதம் ஆப்கன் போர் வந்ததும், ஏப்ரல் கலவரத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டார்கள். முன்கூட்டியே திட்டமிட்ட சதி என்பதற்குச் சான்று இல்லை என்று ஹண்டர் கமிட்டியே எழுதிய பிறகும், அப்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ’டுவையர் தம் வாதத்தை விடவில்லை.

ஹண்டர் கமிட்டியைப் பற்றித் தங்கள் கட்டுரை ‘வெள்ளைக்காரக் கமிட்டி டயரைக் காப்பாற்றியது’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறது. நடந்தது அதுவல்ல, நடந்தது இதைவிடச் சுவாரசியமானது. கமிட்டியில் எட்டுப் பேர். தலைவர் ஹண்டர் பிரபு, நீதிபதி ராங்கின், ரைஸ், மேஜர் ஜெனரல் பாரோ, தாமஸ் ஸ்மித் ஆகியோர் ஆங்கிலேயர் தரப்பு. ஜகத் நாராயண், சிமன்லால் சேதல்வாட், சுல்தான் அகமது மூவரும் இந்தியர். எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சாட்சிகளைக் கேட்டார்கள். முடிவில் பெரும்பான்மை அறிக்கை என்று ஐந்து பேரும், சிறுபான்மை அறிக்கை என்று மூன்று பேரும் எழுதினார்கள். பிரிந்த கோடு அப்படியே இனக் கோடு, ஒருவர் கூட மாறவில்லை.

ஆனால் எதில் பிரிந்தார்கள் என்று பார்க்க வேண்டும். டயரை இரு தரப்பும் கண்டித்தன. எச்சரிக்காமல் சுட்டதும், கூட்டம் கலைந்து ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டுக்கொண்டே இருந்ததும் தவறு என்று பெரும்பான்மையும் சொன்னது. பிரிந்தது ராணுவச் சட்டத்தில். பஞ்சாபில் நடந்தது அரசைக் கவிழ்க்கும் கிளர்ச்சி, ஆகவே ராணுவச் சட்டம் தேவைப்பட்டது என்றார்கள் ஐவர். கலவரம் நடந்தது உண்மை, ராணுவச் சட்டம் வருவதற்கு முன்பே அது அடங்கிவிட்டது, ஆகவே தேவையில்லை என்றார்கள் மூவர். சம்பவங்களின் பட்டியல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தந்திக் கம்பி அறுத்ததையும் ரயில் நிலையம் எரிந்ததையும் பார்த்த ஒரு கண்ணுக்கு 1857 திரும்பி வந்தது போலிருந்தது. இன்னொரு கண்ணுக்குத் தலைவர்களைப் பறிகொடுத்த ஊரின் ஆத்திரமாகத் தெரிந்தது. அந்த மூன்று இந்தியர்களுக்கும் நம்பிக்கைச் சாய்வு இல்லாமலில்லை. அவர்கள் மிதவாதிகள், பிரிட்டிஷ் நீதியில் பற்றுள்ளவர்கள். ஆகவேதான் டயரின் செயல் மனிதத்தன்மையற்றது என்பதோடு நிற்காமல், பிரிட்டிஷ் பண்புக்கே ஒவ்வாதது என்றும் எழுதினார்கள். காங்கிரஸ்காரர் எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

கமிட்டியின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது: யாரைக் கேட்டார்கள் என்பதில். சிறையிலிருந்த பஞ்சாப் தலைவர்களைத் தற்காலிகமாகவாவது விடுவித்தால்தான் சாட்சியம் சொல்ல வருவோம் என்றது காங்கிரஸ்; அரசு மறுத்தது; காங்கிரஸ் புறக்கணித்தது. விளைவு, கமிட்டி முன் வந்தவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகளும் ராணுவத்தினரும். காங்கிரஸ் தன் பங்குக்கு காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தயாப்ஜி, ஜெயகர் ஆகியோரைக் கொண்டு தனி விசாரணை நடத்தியது. 1,700-க்கு மேற்பட்டோரை விசாரித்து, சுமார் 650 வாக்குமூலங்களை அச்சிட்டது. மிகைப்படுத்திய வாக்குமூலங்களைக் காந்தி கறாராக ஒதுக்கினார். ஆனால் டயரைக் கேட்கும் வாய்ப்பு அந்தக் குழுவுக்கு இல்லை. ஆக ஒரு அறிக்கையில் சுட்டவர்களின் குரல், இன்னொன்றில் சுடப்பட்டவர்களின் குரல். ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பாதிதான் எழுத முடியும்.

ஒரே ஆள் சொன்னது கூட, யாரிடம் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். டயரின் வாக்குமூலங்களைத் தேதி வாரியாக அடுக்கினாலே போதும். சுட்ட மறுநாள், ஏப்ரல் 14 அறிக்கையில், என் படை சிறியது, தயங்கினால் தாக்குவார்கள் என்று தோன்றியது, சுட்டேன் என்கிறார். 200 முதல் 300 பேர் இறந்திருக்கலாம் என்கிறார். சக அதிகாரிகளின் பாராட்டு கிடைத்த பிறகு, ஆகஸ்ட் 25 அறிக்கையில், கூட்டத்தைக் கலைப்பது மட்டும் நோக்கமல்ல, அங்கிருந்தவர்களுக்கு மட்டுமல்லாமல் பஞ்சாப் முழுவதற்கும் பாடமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்கிறார். நவம்பர் 19-ல் லாகூரில் ஹண்டர் கமிட்டி முன், சுடாமலே கலைத்திருக்க முடியும், ஆனால் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்கிறார். வாசல் அகலமாக இருந்திருந்தால் கவச வண்டிகளை உள்ளே கொண்டுபோய் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா என்று சேதல்வாட் கேட்டதற்கு, அநேகமாக ஆம் என்கிறார். காயம்பட்டவர்களைக் கவனிப்பது என் வேலையல்ல, ஆஸ்பத்திரிகள் திறந்திருந்தன என்கிறார். 1920-ல் வேலை போய், லண்டனில் ராணுவ மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தபோது மறுபடி ஆபத்து, சூழ்ந்திருந்த கிளர்ச்சி என்ற பழைய பாட்டுக்குத் திரும்பிவிட்டார். டயரை ஆதரிப்பவர் முதலாவதையும் கடைசியையும் மேற்கோள் காட்டுவார். எதிர்ப்பவர் நடுவில் உள்ளதை. எந்தத் தேதியில், யார் முன்னால் சொன்னது என்று போடாத மேற்கோளைப் பத்திரிகை வெளியிடவே கூடாது என்பது என் கருத்து.

நம் பக்கத்துக்கு வருவோம். பாக்கில் இருந்தவர்கள் யார்? தடை உத்தரவே தெரியாமல் வைசாகிக்கு வந்த அப்பாவிகள் என்று ஒரு பத்தியில் எழுதுகிறோம். தடையை மீறி நெஞ்சை நிமிர்த்திய சத்தியாக்கிரகிகள் என்று அடுத்த பத்தியில் எழுதுகிறோம். முழுக் கூட்டத்தையும் ஒரே சமயத்தில் இரண்டுமாக ஆக்க முடியாது. ஆவணங்கள் சொல்வது கலவை. டயர் அன்று காலை படையோடு நடந்து 19 இடங்களில் தண்டோரா போட்டார். அந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, நகரின் பல பகுதிகளில் அறிவிப்பே வாசிக்கப்படவில்லை என்று கமிட்டி எழுதியது. அதே நேரத்தில், தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு மாலை நாலரை மணிக்குக் கூட்டம் உண்டு என்று எதிர்த் தண்டோரா போட்டவர்களும் இருந்தார்கள். ரவுலட் சட்டத்துக்கும் 10-ஆம் தேதித் துப்பாக்கிச் சூட்டுக்கும் எதிரான தீர்மானங்களுக்காக வந்தவர்கள் ஒரு பகுதி. பொற்கோயிலுக்கும் கால்நடைச் சந்தைக்கும் வந்து, மர நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பகுதி. அவர்களில் எத்தனை பேருக்குத் தடை தெரியும் என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கும் கிடையாது.

சுட்டவர்கள் யார் என்பதிலும் நாசூக்காக நழுவுகிறோம். ‘ஆங்கிலேயப் படை’ என்று தங்கள் கட்டுரை சொல்கிறது. ரைபிள் வைத்திருந்தவர்கள் 50 பேர்: 25 கூர்க்காக்கள், மற்ற 25 பேர் 54-ஆம் சீக்கியர் படை, 59-ஆம் ரைபிள் படை ஆகியவற்றின் சிப்பாய்கள். குக்ரி என்ற கத்தி மட்டும் வைத்திருந்த கூர்க்காக்கள் இன்னும் 40 பேர். உத்தரவு கொடுத்தது ஆங்கிலேயர், விசையை அழுத்திய விரல்கள் இந்தத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவை. தலைக்குச் சராசரி 33 குண்டு. காலனியப் படை எப்படி இயங்கியது என்பதை மாணவருக்குச் சொல்ல இதைவிட முக்கியமான விவரம் இல்லை. அதைத்தான் மறைக்கிறோம்.

கூட்டத்தை ஏற்பாடு செய்த ஹன்ஸ் ராஜ் போலீஸ் உளவாளி, மக்களைப் பொறியில் தள்ளவே கூட்டினார் என்ற கதையும் இன்று வரை உலவுகிறது. அவர் பின்னால் அப்ரூவராக மாறியது உண்மை. வெற்றுத் தோட்டாதான், பயப்படாதீர்கள் என்று கத்தியதாகச் சாட்சிகள் உண்டு. இவற்றிலிருந்து பின்னோக்கிப் போய் ஏப்ரல் 13-க்கு முன்பே உளவாளி என்று முடிவு கட்டுவது, ராமநவமியைப் பார்த்து இர்விங்கின் சகாக்கள் சதி என்று முடிவு கட்டிய அதே புத்திதான்.

சங்கரன் நாயர் பகுதிக்கு நம் வாசகர்களிடம் தனி ஆர்வம் இருக்கும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பாலக்காட்டுக்காரர், 1897 அமராவதி காங்கிரஸின் தலைவர். பஞ்சாப் கொடுமைகளைக் கண்டித்து 1919 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். அதுவரை தங்கள் கட்டுரை சரி. அதன் பிறகு ‘டயர் மீது வழக்குத் தொடுத்து பிரிட்டிஷ் அரசைக் கூண்டில் ஏற்றினார்’ என்பது சரியல்ல. வழக்குப் போட்டவர் மைக்கேல் ஓ’டுவையர், நாயர் பிரதிவாதி. 1922-ல் நாயர் எழுதிய நூலில் பஞ்சாப் கொடுமைகளுக்கு ஓ’டுவையரைப் பொறுப்பாக்கிய பகுதிக்காக, லண்டனில் 1924-ல் மான நஷ்ட வழக்கு. ஐந்து வாரம் நடந்தது. நீதிபதி மக்கார்டி, டயர் செய்தது சரி, அவரைத் தண்டித்ததுதான் தவறு என்று ஜூரியிடமே சொன்னார். பன்னிரண்டு ஜூரிகளில் பதினொரு பேர் ஓ’டுவையர் பக்கம். அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்கி ஒருவர் மட்டும் மறுத்தார். நாயருக்கு 500 பவுன் நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் விழுந்தன. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்று ஓ’டுவையர் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை.

இதில் நம்மவர்கள் வசதியாக விடுவது அந்த நூல் எதைப் பற்றியது என்பதை. அதன் பெயர் ‘காந்தியும் அராஜகமும்’. ஒத்துழையாமை இயக்கத்தைக் கடுமையாகத் தாக்கிய நூல் அது. அந்த நூலுக்குள்தான் ஓ’டுவையரைப் பற்றிய வாக்கியமும் வருகிறது. நாயரைத் தேசிய வீரராக மட்டும் காட்டுகிறவர்கள் தலைப்பைச் சொல்வதில்லை; காந்தியை எதிர்ப்பதற்காக நாயரைத் தூக்குகிறவர்கள், அவர் கடைசி வரை அரசியல் சட்ட வழியில், பிரிட்டிஷ் தொடர்போடு சீர்திருத்தம் கேட்டவர் என்பதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு கூடாரத்திலும் அடங்காத ஒரு மனிதரை இரண்டு கூடாரமும் பாதி பாதியாக வெட்டி வைத்திருக்கின்றன.

லண்டனில் டயருக்கு என்ன ஆனது என்பதும் ஒரே நிறத்தில் இல்லை. 1920 ஜூலையில் மக்களவையில் சர்ச்சில் அந்தச் செயலை அரக்கத்தனமானது என்று கண்டித்தார்; சில நாட்களில் பிரபுக்கள் சபை 129-க்கு 86 என்று டயருக்கு ஆதரவாக வாக்களித்தது. மார்னிங் போஸ்ட் பத்திரிகை திரட்டிய நிதி 26,000 பவுனைத் தாண்டியது. ‘ஆங்கிலேயர்கள்’ என்று மொத்தமாக எழுதினால் இந்த 86 பேரும் லாஸ்கியும் எங்கே போவார்கள்?

திருத்தம் போட வேண்டியவை இவை. ‘ராணுவச் சட்டம் அமலில் இருந்தபோது’ என்று தங்கள் கட்டுரை சொல்கிறது. ஏப்ரல் 13-ல் ராணுவச் சட்டம் இல்லை, அமிர்தசரஸுக்கு அது 15-ஆம் தேதிதான் வந்தது. இதை விட்டால் டயருக்கு இல்லாத சட்டப் பாதுகாப்பை நாமே கொடுத்ததாகிவிடும். ‘டயரைச் சுட்ட உத்தம் சிங்’ என்பதும் தவறு. டயர் 1927-ல் நோயில் இறந்தார். 1940 மார்ச் 13-ல் லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் சுட்டது, 1919-ல் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த ஓ’டுவையரை. பெயர் ஒற்றுமையால் இரண்டு பேரையும் ஒருவராக்கும் பழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. உத்தம் சிங் அன்று பாக்கில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் உறுதியாகாத தகவல். போடுவதானால் ‘சொல்லப்படுகிறது’ என்று போடலாம். நாயர் வழக்கில் வாதி, பிரதிவாதி மாறியிருப்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்த ஆண்டுப் பக்கத்துக்கு ஒரு யோசனை. கட்டுரைக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை எடுத்து, ஹண்டர் கமிட்டியின் பெரும்பான்மை அறிக்கையிலிருந்து ஏப்ரல் 10 பற்றிய பகுதியையும், சிறுபான்மை அறிக்கையிலிருந்து அதே நாளைப் பற்றிய பகுதியையும், காங்கிரஸ் குழு அச்சிட்ட வாக்குமூலம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மொழிபெயர்த்துப் போடுங்கள். மேலே தலையங்கம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தேதியும், எழுதியவர் பெயரும், எண் வரும் இடத்தில் எண்ணியவர் யார், எப்போது எண்ணினார் என்பதும் போதும். மூன்று அறிக்கைகளும் 1920-ல் அச்சானவை. இணையத்திலேயே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
வரலாற்றுப் பாட ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.